நாலில் ஒன்று

ஐயா,

பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். நீ பாஷான் விடுதியில் இருக்கிறாய், நான் சாங்வியில் இருக்கிறேன். பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம். ஒரே ஊருக்குள் கடிதமா என்று சிரிப்பாய். போனில் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. காகிதம் குறுக்கே பேசாது. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவும் நல்லதுதான், அவசரப்பட முடியாது. புரியாத இடத்தில் நித்யாவைக் கேள். அவளும் படிக்கவேண்டிய கடிதம்தான் இது.

நீ என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா வரட்டும், வராட்டும். நீ என் கல்யாணத்துக்கு வருவியாம்மா?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. பதில் தெரியாமல் இல்லை ஐயா. பதிலோடு சேர்த்து உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது, அதைக் கேட்கத் தெம்பு இல்லை. இந்த வயசில் எனக்கு முட்டி வலியைவிட, வீட்டுக்குள் அப்பாவும் உன் அக்கா செல்வியும் முகம் பார்க்காமல் இருக்க, நடுவில் நின்று ரெண்டு பேருக்கும் தட்டு வைப்பதுதான் அதிகமாக அசர வைக்கிறது. இப்போது அப்பா மாடிக்கு மோட்டார் பார்க்கப் போயிருக்கிறார். செல்வி வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நித்யா வீட்டார் வந்துபோன ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். நல்ல மனிதர்கள். அவள் அம்மா என் கேசரியை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சுவாக்கில் அவள் அப்பா, "பூர்வீகம் எங்களுக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான், உங்களுக்கு எந்த சாஸ்தா?" என்று கேட்டார். நம் பக்கத்து ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டால் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. உன் அப்பா சொன்னார். கேட்டவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எங்களுக்கும் அவர்தான்" என்றார். குலதெய்வம் ஒன்று என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நித்யாவின் அப்பா சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். "அதெல்லாம் அந்தக் காலம், பிள்ளைங்க இஷ்டம்" என்றார். உன் அப்பா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆடை கட்டிப்போன அந்தக் காபியை நான்தான் பிறகு கொட்டினேன்.

அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் இங்கே ஆரம்பித்துவிட்டது.

"அந்தப் புள்ள உனக்குத் தங்கச்சி முறைலே. தெரியாம ஆசைப்பட்டுட்ட. விட்டுரு."

"எத்தனை தலைமுறைக்கு முந்திப்பா? எங்க சேருதுன்னு பேர் சொல்லுங்க."

"பேரு என்னத்துக்கு? சாமி ஒண்ணு. அது போதும்."

நீ பையிலிருந்து பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாய். "ரெண்டு பேருக்கும் பாத்தாச்சு. அக்காவுக்கு இருக்கிற குறை எங்க பிள்ளைக்கு வர வாய்ப்பே இல்லாத மாதிரிதான்."

அப்பா அதைத் தொடவில்லை. "இந்தக் காயிதத்துல சாஸ்தா கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"சரி, தங்கச்சி முறைன்னு சொல்றீங்க. அம்மா உங்களுக்கு யாரு? கூடப்பிறந்த அக்கா மக."

"அது முறைலே. அக்கா மகளைக் கட்டுறது நம்ம முறை."

"நல்ல முறை. அந்த முறைக்கு வந்த விடைதான் அங்க உக்காந்திருக்கு."

செல்வி ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டைப் படித்துவிடக்கூடாது என்று நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாய். அந்த அளவுக்கு உனக்கு மனசு இருந்தது, அதை நான் கவனித்தேன். ஆனால் நீ திரும்பிய பக்கம் ஷோகேஸ் இருந்தது. உன் வாய் அதன் கண்ணாடியில் தெரிந்தது. அவள் அதில் படித்துவிட்டாள். மடித்த துப்பட்டாவை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உனக்கு இது தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

உன் கணக்கு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நீ மக்கள்தொகைக்குள் மரபணு எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுகிறவன். நான் பத்தாவதோடு நின்றவள், அதற்குமேல் உன் புத்தகங்களைத் தூசி தட்டும்போது படித்தவள். எனக்குத் தெரிந்தது வீட்டு வரவுசெலவு. எண்ணெய் எத்தனை நாள் வந்தது, சிலிண்டர் எப்போது மாற்றியது, எல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது ஒன்றுதான் என் படிப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் போட்ட ஒரு தப்புக் கணக்கை உனக்குச் சொல்லவேண்டும். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தேன் என்று இல்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

செல்வி பிறந்தபோது போபோடியில் ஒண்டுக்குடித்தன வீடு. அப்பாவுக்குக் கடக்கியில் தொழிற்சாலை வேலை. பக்கத்து வீட்டு மராத்திக்காரச் சித்தி, காக்கூ என்றுதான் கூப்பிடுவேன், ஒருநாள் நான் உன் அப்பாவை "மாமா" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "என்னடி, புருஷனைப் போய் மாமாங்கிறே. எங்க பாஷையிலே அம்மாவோட தம்பியைத்தான் அப்படிச் சொல்வோம்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சொன்னது அத்தனையும் சரி என்று நான் எப்படிச் சொல்வேன். "எங்க ஊரில் புருஷனையும் அப்படித்தான்" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நம் ஊரில் எட்டு வீட்டில் ரெண்டு வீட்டில் பார்த்துப் பழகிய விஷயம், இங்கே வந்ததும் வெளியே சொல்லமுடியாத விஷயமாகிவிட்டது. எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. என் அப்பா தவறியபிறகு என் அம்மா என்னை நம்பிக் கொடுத்தது தன் கடைசித் தம்பியிடம். அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை, ஒரு வார்த்தை கேவலமாகச் சொன்னதில்லை. எதற்கு வெட்கப்படவேண்டும் என்று எனக்கே விளங்காது.

தட்டு கீழே விழுந்தும் செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் கண்டுபிடித்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, சொந்தத்தில் கல்யாணமா என்று ஹிந்தியில் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். அந்த அம்மா திட்டவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் நாலு வட்டம் போட்டு, ஒன்றைக் கறுப்பாக்கினார். "சார் மே சே ஏக்" என்றார். நாலில் ஒன்று. அடுத்த குழந்தைக்கு யோசித்துச் செய்யுங்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் வழியெல்லாம் அந்த நாலு வட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. ஏன் தெரியுமா. ரேஷன் கார்டில் நாலு கிலோ சர்க்கரை என்று போட்டிருந்தால், ஒரு கிலோ வாங்கியதும் மூணு கிலோ பாக்கி என்றுதானே கணக்கு? நாலு பிள்ளையில் ஒன்றுக்குக் காது கேட்காது, அந்த ஒன்று செல்வி, அது வந்தாயிற்று. இனி பாக்கி மூணும் நல்ல வட்டம். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அப்பா பயந்தார். "ஒண்ணு போதும்டி, இதை நல்லா வளப்போம்" என்றார். நான்தான் சீட்டைக் காட்டி, "கறுப்பு வட்டம் தீந்துபோச்சு மாமா, இனிமே வராது" என்றேன். அவர் என்னைவிடக் கணக்கில் பலவீனம். நம்பினார். சாஸ்தாவுக்கு வேண்டிக்கொண்டு உன்னை உண்டானேன்.

நீ பதினொன்றாவது படிக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தாய். மூணு தரம் தலை விழுந்தது. அடுத்தது பூதான் விழும் என்றேன். "அம்மா, காசுக்கு ஞாபகம் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் அது புதுசாத்தான் விழும்" என்றாய். "அப்ப நாலில் ஒண்ணு என்றால்?" என்று கேட்டேன். "ஒவ்வொரு தரமும் நாலில் ஒண்ணு. முன்னாடி என்ன நடந்ததுன்னு அதுக்குத் தெரியாது." நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் பொங்குதா பார்க்கிறேன் என்று சொன்னேன். அடுப்பில் பால் இல்லை. பதினாறு வயசுப் பிள்ளை பின்னால் உட்கார்ந்து காசு சுண்டுகிறது, அது விழுகிற டிங் என்ற சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டு. அந்தக் காது உனக்கு எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆக, உன்னை நான் தப்புக் கணக்கில் பெற்றேன் ஐயா. சரியாகக் கணக்குத் தெரிந்திருந்தால் பெற்றிருப்பேனா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெற்றிருக்கமாட்டேன். உன் அப்பா சொன்னதுதான் நடந்திருக்கும். இதை உன் மனசு புண்பட எழுதவில்லை. செல்வியை ஒரு முறைக்கு வந்த விடை என்று சொன்னாயே, அப்படிப் பார்த்தால் நீ என்ன? நான் ஒரு சீட்டைத் தப்பாகப் படித்ததற்கு வந்த விடை. ரெண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றிலிருந்து, ஒரே குலுக்கலில் வந்தவர்கள். உனக்கு ஒரு மாதிரி விழுந்தது, அவளுக்கு ஒரு மாதிரி விழுந்தது. உன் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை. அவள் குற்றமும் இல்லை.

நீ ஒருநாள் எனக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாய், ஞாபகம் இருக்கா. நாலு எவர்சில்வர் டம்ளரை மேடையில் வரிசையாக வைத்தாய். "இந்த நாலும் உனக்கும் அப்பாவுக்கும் பிறக்கக்கூடிய பிள்ளைங்க. ஒண்ணுல குறை ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்திருக்கு. ரெண்டுல ஒரு பக்கத்துலேருந்து மட்டும், வெளியே தெரியாது, ஆனா உள்ளே இருக்கும். ஒண்ணுல எதுவுமே இல்ல. எனக்குக் காது கேக்குது, அதனால முதல் டம்ளர் நான் இல்ல" என்று அதைக் கவிழ்த்து வைத்தாய். "பாக்கி மூணு. அதுல ரெண்டுல இருக்கு. அதனால என்கிட்ட அது மறைஞ்சிருக்க மூணுல ரெண்டு வாய்ப்பு." எனக்கு உடனே புரிந்தது. நாலு மூணாகிறது, ஆனால் பழைய காரணத்துக்காக இல்லை. நீ போனபிறகு அந்தக் கவிழ்த்த டம்ளரை நிமிர்த்தி வைத்தேன். ஏன் என்று தெரியாது. கவிழ்ந்தபடி கிடப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்புறம் நீ டெஸ்ட் எடுத்து, உன்னிடம் அது இருக்கிறது என்று தெரிந்தது, நித்யாவிடம் அது தென்படவில்லை என்றும் தெரிந்தது. அந்த அளவுக்கு நீ கவனமாகத்தான் செய்திருக்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது அப்பா பக்கம். நீ போனபிறகு அவர் ஒரு தாளை எடுத்து, தன் அப்பா, அப்பாவின் அப்பா என்று மேலே மேலே எழுதிக்கொண்டு போனார். ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு ஆறு பேர் தேறினார்கள். நித்யா வீட்டுப் பக்கம் விசாரித்ததில் ஐந்து பேர். ஒரு பெயரும் ஒத்துப்போகவில்லை. எங்கேயோ அதற்கும் மேலே சேருகிறது என்றார். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அதில் ஒரு பொம்பளை பெயர்கூட இல்லை. ஆறு தலைமுறையாக ஆண்பிள்ளைகளே பெற்றுப் போட்டிருக்கிறார்கள் போல. சாஸ்தா அப்பன் வழியாகத்தான் இறங்குகிறார், கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுகிறாள், அதனால் அவளை யாரும் எழுதவில்லை. நான் கீழே உட்கார்ந்து பொம்பளைகளையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். உன் பெயருக்கு மேலே ரெண்டு பேர், அதற்கு மேலே நாலு, அதற்கு மேலே எட்டு. மூன்றாம் வரிசையிலேயே இடித்தது. உன் அப்பாவின் அம்மா ரெண்டாம் வரிசையில் இருக்கிறார். என் அம்மாவுக்கும் அவர்தானே அம்மா, அதனால் மூன்றாம் வரிசையிலும் அதே பெயர். வரவில் ஒரே சீட்டை ரெண்டு தரம் எழுதினால் எப்படி இருக்கும், அப்படி.

பெயர் தெரிந்தது நாலு வரிசை வரைக்கும்தான். அதற்குமேல் வெறும் எண்ணாகப் போட்டுக்கொண்டு போனேன், ரெண்டு ரெண்டாகப் பெருக்கி. பத்தாவது வரிசையில் ஆயிரத்து இருபத்துநாலு. இருபதாவது வரிசையில் பத்து லட்சத்துக்கு மேலே போய்விட்டது. நம் ஊரில் எந்தக் காலத்தில் பத்து லட்சம் ஜனம் இருந்தது? நம் ஆட்கள் மொத்தமே சில ஆயிரம் குடும்பம். கூட்டல் தப்பு என்று மூன்று தரம் சரிபார்த்தேன். தப்பு இல்லை. அப்போதுதான் விளங்கியது, என் அப்பா அம்மா பக்கம் மட்டும் இல்லை, எல்லார் வீட்டுத் தாளிலும் மேலே போகப் போக அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். வேறு வழியே இல்லை. உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாம் அதிகம் பேசாமல் இருந்த நாட்களில் அது ஒன்றுக்குத்தான் நீ நின்று பதில் சொன்னாய். "அதாம்மா எங்களுக்கு முதல் பாடமே" என்றாய். குரலில் பழைய பிள்ளை இருந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். "மாமா, அந்தப் பிள்ளையும் நம்ம பிள்ளையும் ஏழாவது தலைமுறையில் சேர்ந்தாலும், அந்த ஒரு ஆள்கிட்டேருந்து இவனுக்கு வந்தது நூத்தி இருபத்தெட்டுல ஒரு பங்கு. அவளுக்கும் அவ்வளவுதான். அந்த ரெண்டு துணுக்கும் ஒண்ணா இருக்கிறது அதைவிடக் கொஞ்சம். உங்களுக்கும் எனக்கும் நாலில் ஒரு பங்கு பொது. எதை விலக்கணும், எதைச் சேக்கணும்னு நம்மாளுங்க ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பாத்திருக்காங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உன் மகன் மாதிரியே பேசுத. நான் ரத்தத்தைப் பத்திப் பேசலடி. பங்குனி உத்திரத்துக்குப் போனா அங்கன எல்லாரும் வரிசையா நிப்பாங்க. கோயிலுக்கு வரி குடுத்தவங்க எல்லாம் அண்ணன் தம்பி. இவன் வீட்டுப் பொண்ணை அவன் தங்கச்சியாப் பாப்பான், அவன் வீட்டுப் பொண்ணை இவன் பாப்பான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் வயசுப்புள்ளைங்களைக் காட்டுக்குள்ள கோயில்ல ராத்தங்க விடுதோம். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட அந்த வரிசையில நிக்க?"

யோசித்துப் பார் ஐயா, அதுவும் ஒரு கணக்குத்தான். உன்னுடையது உடம்பைப் பற்றிய கணக்கு, அவருடையது மரியாதையைப் பற்றியது. ரெண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம். சாஸ்தா மேல் எனக்கு நம்பிக்கை ஒரு துளியும் குறையவில்லை. ஜீன் கணக்கைப் பார்ப்பது அவர் வேலை இல்லை, அவ்வளவுதான். அவரைச் சுற்றி நிற்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நீயும் நித்யாவும் சேர்ந்து அந்த வரிசையில் போய் நின்றால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உன் அப்பாவுக்குத் தோன்றுகிறது. அதை மூடத்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடாதே.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று. எங்கள் கல்யாண போட்டோவில் இருக்கிறாரே, அந்த மீசை எங்கே போச்சு என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய். பொய்மீசை என்று சொல்லிச் சிரிப்பார். நிஜ மீசைதான். ரெண்டு பக்கமும் எண்ணெய் போட்டு முறுக்கிவிடுவார், ஊரில் அதைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். செல்விக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர், "குழந்தை உங்க உதட்டைப் பார்த்துத்தான் படிக்கணும், மேலுதடு மறையுது" என்றார். மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மீசை இல்லை. தொழிற்சாலையில் யார் செத்தது என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் சவரம். காய்ச்சலில் படுத்த நாளிலும் சவரம். அவளிடம் பேசும்போது எந்த வேலையில் இருந்தாலும் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் நின்று, மெதுவாகப் பேசுவார். நாம் நடந்துகொண்டே பேசுவோம், அவர் நின்றுதான் பேசுவார். ஒரு முறையில் தப்பு நடந்ததென்றால், அந்தத் தப்புக்கு அந்த மனிதர் முப்பது வருஷமாக தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை. மகளுக்குத் தெரியவேண்டும் என்று செய்தார். நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

நீ போன நாளிலிருந்து அவர் சவரம் செய்யவில்லை. செல்வியிடம் பேசவில்லை, அதனால் தேவையும் இல்லை என்று விட்டுவிட்டார் போல. வெள்ளை மீசை உதட்டை மூடிக்கொண்டு வளர்ந்துவிட்டது. செல்விதான் கஷ்டப்படுகிறாள். அவள் குரல் நமக்குத்தானே புரியும், "அப்பா வாய் தெரியல" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவர் எதுவும் பேசவில்லை என்றேன். "நான் கேட்டேன், பதில் சொல்லல" என்றாள்.

என்ன கேட்டாள் என்று சொல்கிறேன். உன் கல்யாணப் பத்திரிகையை அவள்தான் செய்யவேண்டும் என்று நீ முன்னாலேயே சொல்லியிருந்தாயே. அன்றைக்கு நீ அவளை விடை என்று சொல்லிவிட்டுப் போனபிறகு அவள் அதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. போபோடி பிரஸ்ஸில் தன் வேலை முடிந்தபிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்து, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரத்தில் மயிலிறகுக் கரை, அவளே வரைந்தது. மேலே ரெண்டு பக்கமும் குலதெய்வம் போட இடம் விட்டிருந்தாள், இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டுச் சாமி, வலது பக்கம் பெண் வீட்டுச் சாமி. அதை அப்பாவிடம் நீட்டி, "ரெண்டு பேருக்கும் ஒரே சாமி. ஒரு தடவை போடணுமா, ரெண்டு தடவையா?" என்று கேட்டிருக்கிறாள். வம்புக்குக் கேட்கவில்லை. வேலை தெரிந்தவள் கேட்கிற கேள்வி அது. இடம் எவ்வளவு விடவேண்டும் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவர் தாளைப் பார்த்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

சரி, நீ கேட்டதற்குப் பதில். வருவேன். முகூர்த்தத்துக்கு முன்னால் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், முதல் பத்திரிகையை சாஸ்தா காலடியில் நான் வைப்பேன். அப்பா வந்தால் அவரோடு. வராவிட்டால் செல்வியோடு. அவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார். எனக்கு அவரிடம் சண்டை போட்டுப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் தெம்பில்லை. ஆனால் வருவேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, செல்விக்கு டப்பா கட்ட எழுந்தேன். அப்பா மாடியிலிருந்து இறங்கி நேராக பாத்ரூமுக்குப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது மோவாயில் ஒரு சின்ன வெட்டு, மேலுதடு வெளுத்துப்போய்த் தெரிந்தது. செல்வி ஜன்னல் ஓரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டார், வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரி. அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"ஒரு தடவை போதும். நடுவுல போடு."

அவள் தலையை ஆட்டிவிட்டு, "பெருசாவா?" என்றாள்.

"கொஞ்சம் பெருசாவே."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வா. ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வா, அவள் பத்து மணிக்கு மேல் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு நீ சொன்னதற்கு என்ன சொல்லவேண்டுமோ, அது நீ யோசித்து வைத்துக்கொள், நான் சொல்லித்தரமாட்டேன். எதிரில் நாற்காலி இருக்கும். அப்பா போட்ட இடத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன். அதில் உட்கார்ந்து, அவள் உன்னைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து சொல். முகத்தைத் திருப்பாதே.

அம்மா